நீர் இறங்கும்போது சரியும் கரை

மண்ணால் கட்டப்பட்ட நீர்த்தேக்கக் கரைக்கு ஆபத்து என்றவுடன், விளிம்புவரை ததும்பும் தண்ணீரும் கரையை உடைத்துக்கொண்டு பாயும் வெள்ளமுமே பெரும்பாலோர் நினைவுக்கு வரும். கரையின் வெளிச்சரிவைப் பொறுத்தவரை அந்த அச்சம் நியாயமானதே; தேக்கம் நிறைந்திருக்கும் நாட்களில்தான் அங்கே கசிவும் அழுத்தமும் உச்சத்தை எட்டுகின்றன. ஆனால் தண்ணீரை நோக்கி அமைந்த உள்சரிவின் கணக்கு இதற்கு நேர்மாறானது. தேக்கம் நிறைந்திருக்கும் காலமெல்லாம் உறுதியாக நிற்கும் அந்தச் சரிவு, தண்ணீரை வெளியேற்றத் தொடங்கியபின், பெரும்பாலும் மட்டம் பாதி இறங்கிய கட்டத்தில், பெயர்ந்து தேக்கத்துக்குள்ளேயே சரிந்துவிடுவது உண்டு. பழைய குடிநீர்த் தேக்கங்களைக் காலி செய்து, பழுது பார்க்கவோ புதுக் கரை கட்டவோ முற்படும் பொறியாளர்கள் முதலில் தீர்க்கவேண்டிய சிக்கல் இதுவே. இதற்கான பாடங்களில் மிகப் பல அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலிருந்து கிடைத்தவை. மண் அணைகள், நிலநடுக்கப் பிளவுகள், பெருநகரங்களின் தாகம் ஆகிய மூன்றும் அங்கே ஒன்றையொன்று நெருக்கி அமைந்திருப்பதே அதற்குக் காரணம்.

சான் பிரான்சிஸ்கோ நகருக்குக் குடிநீர் தரும் தேக்கங்களுள் பழமையானது பிலர்சிடோஸ். ஏறத்தாழ 24 மீட்டர் உயரமுள்ள அதன் மண்கரை, ஒரு நூற்றாண்டுக்காலம் பெரிய தொல்லை எதையும் தராமல் நின்ற பிறகு, 1969 நவம்பரில் உள்பக்கமாகச் சரிந்தது. அப்போது நிலநடுக்கமும் இல்லை, பெருமழையும் இல்லை. 43 நாட்களில் நீர்மட்டம் சுமார் 10.7 மீட்டர் இறக்கப்பட்டிருந்தது, அவ்வளவே. நாளொன்றுக்குச் சராசரியாக 25 சென்டிமீட்டர். கரையில் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாத வேகம். ஆயினும் அந்தக் கரையின் மண்ணுக்கு அது தாங்க முடியாத வேகமாக இருந்தது.

இதைப் புரிந்துகொள்ள, தேங்கி நிற்கும் தண்ணீர் கரைக்கு என்ன செய்கிறது என்பதை இரண்டு கூறுகளாகப் பிரித்துப் பார்க்கவேண்டும். முதலாவது, வெளியிலிருந்து அது தரும் அழுத்தம். 10 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்பின் மீதும் 10 டன் எடையளவுக்கு நீரின் அழுத்தம் அமைகிறது. இந்த அழுத்தம் சரிவின் மேற்பரப்புக்குச் செங்குத்தாக, அதாவது கரையின் உட்புறம் நோக்கி இயங்குவதால், உள்சரிவு முன்னோக்கிச் சாயாதபடி அதற்கு முட்டுக் கொடுத்து நிற்கிறது. இரண்டாவது, கரைக்குள் ஊறிய நீர். ஆண்டுக்கணக்கில் தண்ணீருக்கு அடியில் இருக்கும் மண்ணில், துகள்களுக்கு இடைப்பட்ட நுண்துளைகள் யாவும் நீரால் நிரம்பிவிடுகின்றன. அந்த நீர் துகள்களை ஒன்றையொன்று விட்டு விலக்கும் திசையில் அழுத்துகிறது. இதற்குத் துளைநீர் அழுத்தம் என்று பெயர்.

மண்ணின் வலிமை துகள்களுக்கு இடையேயான உராய்விலிருந்து வருவது. உராய்வோ, துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று எவ்வளவு இறுக்கமாக அழுந்துகின்றன என்பதைப் பொறுத்தது. மேலிருக்கும் மொத்தச் சுமையிலிருந்து துளைநீர் அழுத்தத்தைக் கழித்தால் எஞ்சுவதே துகள்கள் உண்மையில் தாங்கும் அழுத்தம், அதுவே மண் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும் ஆற்றலைத் தீர்மானிக்கிறது என்ற கருத்தை 1920களில் வகுத்தளித்தவர், பிராக் நகரில் பிறந்த கார்ல் டெர்சாகி. இன்றைய மண் இயக்கவியல் என்ற துறையே இந்த ஒரு கழித்தலின் மீது எழுந்தது என்று சொன்னால் அது பெரிய மிகையாகாது.

இனி நீர்மட்டம் இறங்குவதைக் கருதலாம். வெளியே முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த நீர் போய்விடுகிறது; ஆனால் உள்ளே ஊறிய நீர் உடனே போவதில்லை. முழுதும் ஈரம் ஏறிய மண் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 2 டன் எடை கொண்டது. அது தண்ணீருக்கு அடியில் இருந்தவரை, மிதப்பு விசையின் காரணமாகச் சுமார் 1 டன் அளவுக்கே சரிவைக் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டிருந்தது. மட்டம் இறங்கியதும் மிதப்பு நீங்கி, இழுக்கும் எடை ஏறத்தாழ இருமடங்காகிறது. துகள்களுக்கு இடையேயான பிடிமானமோ, உள்நீர் வடியாத காரணத்தால், பழைய அளவிலேயே நிற்கிறது. எனவே, தடுக்கும் விசையை இழுக்கும் விசையால் வகுத்துப் பெறும் பாதுகாப்புக் காரணி, மிக மோசமான நிலையில் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிடுகிறது. நிறைந்த தேக்கத்தில் 2 என்று இருந்த காரணி, காலியாகும் தேக்கத்தில் 1 ஆகிவிட்டால், கரை நிற்பதும் சரிவதும் ஒரு மயிரிழையில் அமையும். இது போதாதென்று, உள்ளிருக்கும் நீர் வெளியேற வழிதேடித் தேக்கத்தின் பக்கமாகவே கசிந்து வரும்போது, மண்துகள்களையும் அதே திசையில் தள்ளிக்கொண்டு வருகிறது.

ஆகவே வேகம் என்பதை நீர்மட்டத்தைக் காட்டும் அளவுகோலைக் கொண்டு மட்டும் அறிய முடியாது. நீர்மட்டம் இறங்கும் வேகத்துக்கும் மண்ணுக்குள் இருக்கும் நீர் வடியும் வேகத்துக்கும் உள்ள விகிதமே முக்கியம். நடுத்தர மணலின் ஊடே, சாதகமான நிலையில், நீர் ஒரு நாளில் பல மீட்டர் நகர்ந்துவிடும். நன்றாக இறுக்கப்பட்ட களிமண்ணில் அதே நிலையில் அது ஓராண்டில் 3 சென்டிமீட்டர் அளவுக்கே நகரக்கூடும். மணற்கரை ஒன்றுக்கு நாளுக்கு ஒரு மீட்டர் இறக்கம் சாதாரணமாக இருக்கலாம். களிமண் கரைக்கோ, இரண்டு மாதங்களில் படிப்படியாக இறக்குவதும், ஒரே இரவில் இறக்குவதும், உட்புற நீரைப் பொறுத்தவரை, ஏறத்தாழ ஒன்றுதான். அலபாமா மாநிலத்து வால்டர் போல்டின் அணை 1975 பிப்ரவரியில் வேறொரு காரணத்தால் உடைந்து, ஐந்தரை மணி நேரத்தில் நீர்மட்டம் சுமார் 10 மீட்டர் வீழ்ந்தபோது அதன் உள்சரிவும் பெயர்ந்தது. அதற்கும் பிலர்சிடோஸுக்கும் இடையே இறக்கத்தின் வேகத்தில் நூறு மடங்குக்கு மேல் வேறுபாடு உண்டு, விளைவில் இல்லை.

கணக்கிடும் முறையும் இதே கேள்வியில்தான் நீண்டகாலம் தடுமாறியது. வடிய நேரமில்லாத களிமண், வழுக்கத் தொடங்கும் தறுவாயில், தன் துகள் அடுக்கைச் சுருக்கிக்கொள்ள முயன்றால் துளைநீர் அழுத்தம் மேலும் ஏறும். விரிய முயன்றால் குறையும். ஆகவே, இறக்கத்துக்கு முன்பு அந்த மண் எவ்வளவு அழுந்தியிருந்தது என்பதும், இறக்கத்துக்குப் பிறகு எந்தப் பகுதி வடியும், எந்தப் பகுதி வடியாது என்பதும் கணக்கில் சேரவேண்டும். அமெரிக்க இராணுவப் பொறியாளர் பிரிவின் 1970ஆம் ஆண்டு முறை எச்சரிக்கையின் பக்கம் சற்று அதிகமாகவே சாய்ந்திருந்தது. டங்கன், ரைட், வாங் ஆகிய மூவரும் 1990இல் முன்வைத்த மூன்று கட்டக் கணக்கு, ஏற்கெனவே சரிந்துவிட்ட பிலர்சிடோஸையும் வால்டர் போல்டினையும் கொண்டு சோதிக்கப்பட்டது. இரண்டுக்கும் விடை 1 என்ற எல்லையை ஒட்டியே வந்ததால், அதாவது சரிந்த கரையைச் சரியும் நிலையில் இருந்ததாகவே கணக்கு காட்டியதால், அம்முறை பரவலாக ஏற்கப்பட்டது. சரிந்த கரைகளே நம்பகமான பரிசோதனைக்கூடங்களாக அமைவது இத்துறையின் விசித்திரம்.

எனினும், கணக்குக்குள் நுழையாத ஒன்றைக் கணக்கு காட்டிக்கொடுக்காது. கலிபோர்னியாவின் சான் லூயிஸ் அணை 116 மீட்டர் உயரமுள்ள பெரும் மண் அணை. 1967இல் கட்டி முடிக்கப்பட்டது. பாசனத்துக்கும் தென்பகுதி நகரங்களின் குடிநீருக்கும் நீரைத் தேக்கிவைப்பது அதன் பணி. ஆண்டுதோறும் நிரப்புவதும் இறக்குவதுமாகவே அது இயங்கி வந்தது. 1981இல் 120 நாட்களில் சுமார் 55 மீட்டர் இறக்கப்பட்டது; அதற்கு முன் அவ்வளவு ஆழமாகவும் அவ்வளவு விரைவாகவும் அது இறக்கப்பட்டதில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் உள்சரிவில் 300 மீட்டருக்கு மேல் நீளமுள்ள பகுதி பெயர்ந்து கீழே வந்தது. ஆராய்ந்தபோது குற்றவாளி கரைக்குள் அகப்படவில்லை, அடித்தளத்தில் அகப்பட்டது. மலைச்சரிவில் மழை அரித்துக் கொண்டுவந்து படியவைத்த களிமண் படலம் ஒன்று, கட்டுமானக் காலத்தில் காய்ந்து கல்போல் கெட்டியாக இருந்ததால், அகற்றப்படாமல் கரைக்கு அடியில் விடப்பட்டிருந்தது. தேக்கம் நிறைந்து அது நனைந்தபோது அந்தக் கெட்டித்தன்மை போயிற்று. அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் நீர் ஏறி இறங்கியதில் மண் சிறிது சிறிதாக இடம்பெயர்ந்து, எஞ்சியிருந்த பிடிமானமும் தேய்ந்தது. பதினான்கு ஆண்டுகள் பாதுகாப்பாக இறக்கிய அனுபவம், பதினைந்தாம் முறைக்கு உத்தரவாதம் தரவில்லை. சரிவின் அடிவாரத்தில் பாறைகளைக் குவித்து எடை ஏற்றி, அந்தக் கரை மீண்டும் நிலைநிறுத்தப்பட்டது. அடியில் சேர்க்கும் எடை எதிர்முட்டாக இயங்குகிறது. உச்சியில் சேர்க்கும் எடையோ சரிவை விரைவுபடுத்தும். பழுதுபார்க்கும் இடத்தில் லாரிகளையும் மண்குவியலையும் எங்கே நிறுத்துவது என்ற அன்றாடத் தீர்மானம் வரைக்கும் இந்த வேறுபாடு முக்கியமானது.

மெதுவாக இறக்குவதே பாதுகாப்பு என்று இதுவரை சொன்னதிலிருந்து முடிவு கட்டிவிடலாம். ஆனால் தேக்கத்தை உடனே காலி செய்தே தீரவேண்டிய நேரங்களும் உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் நீர்வழங்கலுக்கு மையமாக இருந்த கீழ் சான் பெர்னாண்டோ அணை, மண்ணைத் தண்ணீரில் குழைத்துக் குழாய் வழியே பாய்ச்சிப் படியவைக்கும் பழைய முறையில் கட்டப்பட்டது. அப்படிப் படிந்த தளர்ந்த மணல், நிலம் அதிரும்போது சுருங்க முயன்று, துளைநீர் அழுத்தத்தை ஏற்றி, சற்று நேரம் திரவம்போலவே ஓடும். 1971 பிப்ரவரி 9 அன்று நிகழ்ந்த நிலநடுக்கத்தில் அதன் உள்பகுதி உச்சியோடு சேர்ந்து தேக்கத்துக்குள் வழிந்தது. நீருக்கு மேலே விரிசல் விழுந்த மண் ஒன்றரை மீட்டர் அளவுக்கே மிச்சமிருந்தது. கீழே வாழ்ந்த சுமார் 80,000 பேரை வெளியேற்றிவிட்டு, நாள்கணக்கில் இரவும் பகலும் நீர் இறக்கப்பட்டது. இங்கிலாந்தின் டாட்புரூக் தேக்கத்தில் 2019 ஆகஸ்ட் 1 அன்று கலிங்கின் கான்கிரீட் பலகைகள் பெயர்ந்து, அடியிலிருந்த மண் அரிக்கப்பட்டபோதும் இதே நிலைதான். ஹெலிகாப்டரிலிருந்து கல்மூட்டைகளை இறக்கி அரிப்பை அடைத்தபடியே, ஏராளமான பம்புகளை வைத்து நீரை இறைத்தார்கள். இத்தகைய வேளைகளில் பொறியாளர் இரண்டு ஆபத்துகளை ஒன்றோடொன்று எடைபோடுகிறார். உள்சரிவு பெயர்ந்தால் அது பெரும்பாலும் காலியாகிக்கொண்டிருக்கும் தேக்கத்துக்குள்ளேயே விழும், உச்சி எஞ்சினால் நீர் வெளியேறாது. வெளிச்சரிவு போனாலோ ஊர் போய்விடும். எனவே நெருக்கடியில் வேகமாக இறக்குவதே சரி. நிதானமாகத் திட்டமிட்டுச் செய்யும் பணியில் அதே வேகத்தைக் காட்டுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

திட்டமிட்ட இறக்கம் எப்படி இருக்கும் என்பதைச் சான் ஹோசே நகருக்கு அருகிலுள்ள ஆண்டர்சன் தேக்கம் காட்டுகிறது. 1950இல் கட்டப்பட்ட, 73 மீட்டர் உயரமுள்ள அந்த அணை, அருகில் ஓடும் கலவெராஸ் பிளவில் பெரிய நிலநடுக்கம் நேர்ந்தால் தாங்காது என்று ஆய்வுகள் காட்டியதால், முதலில் நீர்மட்டத்துக்கு வரம்பு விதிக்கப்பட்டது. 2020இல் அமெரிக்க ஒன்றிய அரசின் ஆற்றல் ஒழுங்குமுறை ஆணையம் தேக்கத்தை முழுதுமாகவே இறக்க உத்தரவிட்டது. அந்த ஆண்டு அக்டோபரில் தொடங்கிய இறக்கம், மதகுக்கு எட்டாமல் அடியில் தங்கும் நீர், அதாவது கொள்ளளவில் சுமார் 3 விழுக்காடு மட்டும் மிஞ்சும்வரை சென்றது. இதில் கவனிக்கத்தக்கது, கரை மட்டுமன்றித் தேக்கத்தைச் சூழ்ந்த மலைச்சரிவுகளும் கவலைக்கு உள்ளாயின என்பது. பழைய நிலச்சரிவுகளின் அடிவாரத்தை எழுபது ஆண்டுகளாகத் தாங்கிக்கொண்டிருந்தது தேக்கத்தின் நீரே. அது நீங்கியதும் அந்தச் சரிவுகள் மீண்டும் நகரத் தொடங்கலாம் என்பதால், விளிம்போரங்களை வலுப்படுத்தும் பணி உத்தரவின் ஓர் அங்கமாகவே சேர்க்கப்பட்டது.

இத்தகைய இறக்கத்தின்போது கரைக்குள் நடப்பதைத் தெரிவிக்கும் கருவிகளுள் முதன்மையானது பீசோமீட்டர். கரையில் துளையிட்டு இறக்கப்படும் மெல்லிய குழாயோ, அழுத்தத்தை மின்குறியாக மாற்றும் உணரியோ, அந்த ஆழத்தில் துளைநீர் எவ்வளவு அழுத்தத்தில் நிற்கிறது என்று காட்டும். தேக்கத்தின் மட்டம் இரண்டு மீட்டர் இறங்கியும் பீசோமீட்டரின் அளவு அசையவில்லை என்றால், உள்நீர் வடியவில்லை என்பது பொருள். அப்போது மதகை மூடி, அளவு இறங்கும்வரை காத்திருக்கவேண்டும். மற்றொரு கருவியான இன்க்ளினோமீட்டர், செங்குத்தாகப் புதைத்த குழாய் எந்த ஆழத்தில் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை மில்லிமீட்டர் கணக்கில் கூறுவதால், வழுக்குப் பரப்பு எங்கே உருவாகிறது என்பதைக் கண்ணுக்குத் தெரியும் விரிசல் தோன்றும் முன்பே அறியலாம். இவற்றோடு, உச்சியின் நீளவாக்கில் மயிரிழை விரிசல் ஏதும் விழுந்திருக்கிறதா, சரிவில் பதித்த கற்கள் ஓரிடத்தில் உப்பி இன்னோர் இடத்தில் தாழ்ந்திருக்கின்றனவா என்று தினமும் கரை மீது நடந்து பார்க்கும் ஊழியரின் கண்ணும் சேர்ந்ததே கண்காணிப்பு. கருவிகள் பொருத்திய இடத்தைத்தான் கருவிகள் அறியும்.

தேக்கம் காலியான பிறகு தொல்லை வேறு உருவெடுக்கிறது. நெடுங்காலம் நனைந்தே இருந்த களிமண் வெயில் பட்டுக் காயும்போது சுருங்கி வெடிக்கிறது. அந்த வெடிப்புகள் மறுபடி நீர் ஏறும்போது கசிவுக்கு வழியாகி, கசியும் நீர் மண்ணை அரித்துக் குழாய்போல் உட்துளை ஏற்படுத்தக்கூடும். குழைத்த களிமண்ணை நடுச்சுவராக வைத்துக் கட்டப்பட்ட பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரிட்டிஷ் கரைகளுக்கு இந்த அச்சம் அதிகம். ஆகவே காலியாக வைத்திருக்கும் மாதங்களில் திறந்த களிமண் பரப்பை மூடி ஈரம் காப்பதும், திரும்ப நிரப்பும்போது முதன்முறை நிரப்புவதைப்போலவே கட்டம் கட்டமாக நிறுத்தி, வெளிச்சரிவின் அடியில் வரும் கசிவின் அளவையும் கலங்கலையும் பார்த்தபடி செல்வதும் வழக்கம். தெளிந்து வரும் கசிவு பெரும்பாலும் தொல்லை தராது. கலங்கி வரும் கசிவு கரையின் மண்ணைச் சுமந்து வருகிறது.

பழைய கரையை அகற்றிப் புதியது கட்டும்போது, அதே இடத்தில் அகழத் தொடங்கினால் எஞ்சும் பகுதியின் அடிவார முட்டு போய்விடும். இதைத் தவிர்க்கச் சான் பிரான்சிஸ்கோ நகரம் கலவெராஸ் தேக்கத்தில் கையாண்ட வழி, பழைய அணையை நிற்கவிட்டு அதற்குக் கீழே, வெளிப்புறத்தில், புதிய அணையை எழுப்புவது. அந்தப் பழைய அணைக்கும் ஒரு வரலாறு உண்டு. பாய்ச்சிப் படியவைக்கும் முறையில் கட்டப்பட்டுக்கொண்டிருந்தபோதே, 1918 மார்ச்சில், அதன் உள்பகுதி திரவமாகித் தேக்கத்துக்குள் வழிந்து, மதகுக் கோபுரத்தையும் சாய்த்துக்கொண்டு போயிற்று. பிறகு வேறு முறையில் 1925இல் முடிக்கப்பட்டது. 2001இல் மாநில அணைப் பாதுகாப்புத் துறையின் வற்புறுத்தலால் நீர்மட்டம் கொள்ளளவின் பாதிக்கும் கீழே இறக்கப்பட்டது. 2011இல் புதிய அணைக்கான வேலை தொடங்கியபின் இடது மலைத்தோளில் பழங்கால நிலச்சரிவின் சிதைந்த பாறை தென்பட்டதால், இலட்சக்கணக்கான கன மீட்டர் மண்ணைக் கூடுதலாக வெட்டி எடுக்கவேண்டி வந்தது. செலவும் காலமும் ஏறின. சான் லூயிஸின் அடித்தளக் களிமண்ணை அறிந்தவர்கள் அந்தச் செலவை வீண் என்று சொல்லமாட்டார்கள்.

2019இல் பணி நிறைவெய்திய கலவெராஸின் புதிய அணை, 67 மீட்டர் உயரமுடையது, ஒரே மண்ணால் ஆனதன்று. நடுவில் நீரைத் தடுக்கும் களிமண் நெஞ்சு. அதன் பக்கத்தில், களிமண் துகள்களைத் தாண்டவிடாமல் நீரை மட்டும் விடும் அளவுக்குத் தேர்ந்தெடுத்த மணலால் ஆன வடிகட்டி. அதை ஒட்டி, வடிந்த நீரை அப்புறப்படுத்தும் சரளைப் படுகை. இருபுறமும் எடையும் உராய்வும் தரும் கற்சிதறல் போர்வை. உள்சரிவின் போர்வை பருமனான கல்லால் அமைந்தால், தேக்கத்தின் மட்டம் இறங்க இறங்க அதற்குள் இருக்கும் நீரும் கூடவே இறங்கிவிடும். பிலர்சிடோஸில் நேர்ந்த பின்தங்கல் அந்தப் பகுதியில் நேர இடமில்லை. பழைய கரைகளைப் பலப்படுத்தும்போதும், உள்சரிவின் மீது இத்தகைய வடியும் கல்லடுக்கைப் போர்த்துவது பயனுள்ளது.

கலிபோர்னியாவின் வடிவமைப்பு விதிகளின்படி, பெரிய தேக்கங்களின் மதகு, முதல் 7 முதல் 10 நாட்களுக்குள் ஆழத்தில் பத்தில் ஒரு பங்கையும், 90 முதல் 120 நாட்களுக்குள் முழுத் தேக்கத்தையும் இறக்க வல்லதாக இருக்கவேண்டும். சான் லூயிஸ் சரிந்ததும் 120 நாட்களில்தான் என்பதை வைத்துப் பார்த்தால், மதகுக்கு அந்தத் திறன் இருப்பது ஒன்று, கரைக்கு அதைத் தாங்கும் திறன் இருப்பது மற்றொன்று என்பது விளங்கும். ஆண்டர்சனில் பழைய மதகு சிறியதாக இருந்ததால், 2017 பிப்ரவரி மழையில் தேக்கம் நிரம்பி வழிந்தது; கீழே சான் ஹோசேயின் குடியிருப்புகளில் வெள்ளம் புகுந்தது. அதனால் பல மடங்கு கூடுதல் நீரை விடக்கூடிய புதிய சுரங்கப்பாதை அங்கே குடையப்பட்டது. இனி எழும் அணையின் உள்சரிவு, அந்தச் சுரங்கத்தின் வாயில் முழுதாகத் திறக்கப்படும் நாளை மனத்தில் வைத்தே கணக்கிடப்படவேண்டும்.